கொக்பிற் ஸ்பீக்கர் மாத்தினாப்பிறகு பேஸ் இல்லை, சத்தம் கூட்டினால் ஸ்ரீரியோ நிக்குது

நீலப்பாய் (கேள்வி)
வணக்கம். காரைநகரில கட்டிக்கிடக்கிற 27 அடி பைபர் பாய்ப்படகு, உள்ளுக்க டீசல் எஞ்சின். கொக்பிற்றில (படகில ஆக்கள் இருந்து ஓட்டுற திறந்த இடம்) இருந்த 5 அங்குல ஸ்பீக்கர் இரண்டும் கூம்பு உக்கிப்போச்சு. கழட்டிப்போட்டு 6.5 அங்குலம், 4 ஓம், மரைன் சோடி பூட்டினன். ஸ்ரீரியோ பழைய கார் ஸ்ரீரியோதான், முகப்பில "50 வாற் × 4" எண்டு கிடக்கு. வயர் எல்லாம் பழசு.

இப்ப இரண்டு கரைச்சல். ஒண்டு, பேஸ் (கனத்த சத்தம்) முந்தினதைவிடக் குறைவு. ஆனால் பலன்ஸை ஒரு பக்கம் தள்ளினால் அந்த ஒரு ஸ்பீக்கர் நல்லாப் பாடுது. மற்றது, பாதிச் சத்தத்துக்கு மேல போனால் மேளம் விழுற இடத்தில ஸ்ரீரியோ நிண்டு திரும்பத் தொடங்குது. எஞ்சின் ஓடேக்க அப்பிடி நிக்கிறேல்லை. தனி அம்ப் (சத்தம் கூட்டுற அம்பிளிபயர்) ஒண்டு போடவேணுமோ?

மின்கம்பி
இப்போதைக்கு அம்புக்குக் காசு குடுக்காதேங்கோ தம்பி. உதை அந்தப் பழைய வயரில பூட்டினால் இன்னும் கெதியா நிக்கும்.

முதல் பேஸைப் பாப்பம். தனியாப் பாடேக்க இருந்து சோடியாப் பாடேக்க காணாமப் போனால், ஒரு ஸ்பீக்கர் + − மாறிப் பூட்டுப்பட்டிருக்கு. ஒரு கூம்பு வெளியில தள்ள மற்றது உள்ளே இழுக்குது. 100 ஹேர்ட்ஸ் சத்தத்தின்ர அலை 3.4 மீற்றர் நீளம். உங்கட கொக்பிற் அகலம் அதில பாதிகூட வராது. அதாலதான் கனத்த சத்தம் ஒண்டையொண்டு தின்னுது, மேல்சத்தம் தப்பிப் போகுது.

ஸ்ரீரியோவுக்குப் பின்னால ஸ்பீக்கர் வயர் நாலையும் கழட்டுங்கோ. ஸ்ரீரியோவில பூட்டினபடி இந்தச் சோதனை செய்யக் கூடாது. 1.5 வோல்ற் பென் பற்றரி ஒண்டை ஒரு சோடி வயரில ஒரு செக்கன் தொட்டு எடுங்கோ. கூம்பு வெளியில வந்தால், பற்றரியின்ர + பட்ட வயர்தான் ஸ்பீக்கரின்ர +. உள்ளே போனால் மறுவளம். ரேப் சுத்தி அடையாளம் வையுங்கோ. பழைய வயரின்ர நிறத்தை நம்பாதேங்கோ. ஸ்ரீரியோப் பக்கம் வழக்கமா வெள்ளை இடது முன், சாம்பல் வலது முன், பச்சை இடது பின், ஊதா வலது பின். கறுப்புக் கோடு போட்டது அந்தந்தச் சோடியின்ர −.

அடுத்தது, ஸ்ரீரியோ நிக்கிற சத்தத்துக்குக் கொஞ்சம் கீழ வைச்சு, மல்ரிமீற்றரால இரண்டு இடத்தில அளவுங்கோ: பற்றரி முனையில ஒருக்கா, ஸ்ரீரியோவின்ர மஞ்சள், கறுப்பு வயர்களுக்கு இடையில ஒருக்கா. வயர் எவ்வளவு நீளம், என்ன தடிப்பு எண்டும் சொல்லுங்கோ.

நீலப்பாய்
வலது பக்கம் மாறித்தான் கிடந்தது. மாத்திவிட்டன், பேஸ் வந்திட்டுது. நன்றி.

பற்றரியில 12.4, ஸ்ரீரியோவில 10.7. வயர் ஒரு வழி 6 மீற்றர், 0.75 சதுர மி.மீ. வலது ஸ்பீக்கருக்குப் போற − வயரைச் சுரண்டினால் உள்ளே கறுப்பு. அதை விட்டுப்போட்டு, பக்கத்தில இருக்கிற எஞ்சின் நெகற்றிவ்வில ஸ்பீக்கரின்ர − ஐக் குடுக்கலாமோ?

அணியம்
பழைய கசற் செற்றுகளில அப்பிடித்தானே, எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரு பொது − ஓடும். மூண்டு வயரோட வேலை முடியும்.

மின்கம்பி
அணியம் அண்ணை சொல்லுறது அந்தக் காலத்துச் செற்றுக்குச் சரி. "50 × 4" எண்டு போட்ட ஸ்ரீரியோவில செய்தால் உள்ளுக்க இருக்கிற அம்ப் சிப் போயிடும். உதுகளில ஸ்பீக்கரின்ர இரண்டு முனையும் உயிருள்ளது, ஒவ்வொண்டிலயும் ஏறக்குறைய 6 வோல்ற் நிக்கும். ஒரு முனையை எஞ்சினோட தொடுத்தால் அது நேரடிச் சோர்ட். இரண்டு ஸ்பீக்கரின்ர − ஐயும் ஒண்டாச் சேர்க்கவும் ஏலாது. நாலு வயரும் நாலாத்தான் ஓடவேணும்.

அந்த 50 எங்கையிருந்து வந்ததெண்டும் பாருங்கோ. 14.4 ஐ 14.4 ஆல பெருக்கி 4 ஓமால பிரிச்சால் 52. அது ஒரு கண நேர உச்சி. ஒழுங்கான அலைக்கு அதில பாதி, உள்நட்டமும் போக ஒரு சனலுக்கு 20 வாற் அளவுதான் மிஞ்சும். கொக்பிற்றில இரண்டு ஸ்பீக்கருக்கு அது தாராளம்.

இப்ப நிக்கிறதுக்கான காரணம் உங்கட அளவிலயே கிடக்கு. போக 6, வர 6, மொத்தம் 12 மீற்றர். செம்பு 0.75 இல அது 0.28 ஓம். 6 அம்பியர் இழுத்தால் 1.7 வோல்ற் வயரிலயே சூடாகிப் போகுது. 12.4 இல 1.7 போனால் நீங்கள் அளந்த 10.7. மேளம் விழேக்க இன்னும் இறங்க ஸ்ரீரியோ தன்னைத்தானே நிப்பாட்டுது. எஞ்சின் ஓடேக்க பற்றரி 14 க்கு மேல நிக்கிறதால தப்புது, அவ்வளவுதான்.

4 சதுர மி.மீ. போட்டால் அதே 6 அம்பியருக்கு 0.3 வோல்ற்தான் விழும். பற்றரியின்ர + முனையிலயிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள 15 அம்பியர் பியூஸ். ஸ்ரீரியோவுக்குப் பின்னால இருக்கிற பியூஸ் ஸ்ரீரியோவைத்தான் காக்கும். பற்றரிக்கும் அதுக்கும் இடையில வயர் உரஞ்சிச் சோர்ட் ஆனால் படகு எரியாமக் காக்கிறது இந்தப் பியூஸ். மஞ்சள் வயர் நேரே பியூசுக்கு, சிவப்பு சுவிச்சுக்கு. ஒண்டு கவனம்: அமெரிக்க முறையில வயர் ஓடின படகில மஞ்சள் எண்டால் நெகற்றிவ். கார் ஸ்ரீரியோவில மஞ்சள் பொசிற்றிவ். மீற்றர் வைக்காமல் மஞ்சளோட மஞ்சளை முறுக்கிப்போடாதேங்கோ.

ஸ்பீக்கருக்கு 1.5 சதுர மி.மீ. காணும். ஆனால் வெள்ளீயம் பூசின செம்பு வயர் எடுங்கோ. பூசாத செம்பில உப்பு ஈரம் இன்சுலேசனுக்குள்ளால ஏறிப் போகும், நீங்கள் சுரண்டிப் பாத்த கறுப்பு அதுதான். எவ்வளவு தூரம் வெட்டினாலும் கறுப்பாத்தான் இருக்கும், ஈயமும் பிடிக்காது. முழுசா மாத்துங்கோ. முனையைக் கிறிம்ப் பண்ணி (குறட்டால நசுக்கிப் பூட்டி), உள்ளே பசை இருக்கிற சுருங்கு ரியூப் போடுங்கோ. ஈயத்தை மட்டும் நம்பினால் ஈயம் முடியிற இடத்தில ஆட்டத்துக்கு முறியும்.

சுக்கான்கட்டை
ஒருதரும் கேக்கேல்லை. திசைகாட்டி எங்கை இருக்கு? ஸ்பீக்கரிலயிருந்து எவ்வளவு தூரம்?

நீலப்பாய்
கபின் சுவரில, இடது பக்கம். இடது ஸ்பீக்கரிலயிருந்து 30 செ.மீ. இருக்கும். நீங்கள் கேட்டாப்பிறகு போய்ப் பாத்தன், படகின்ர முன்முனைக்கு நேரா இருக்கிற கரையடையாளத்தைத் திசைகாட்டி 15 பாகை தள்ளிக் காட்டுது. ஸ்ரீரியோவை நிப்பாட்டினாலும் அதேதான்.

சுக்கான்கட்டை
நிப்பாட்டினாலும் காந்தம் காந்தம்தானே தம்பி. பழைய 5 அங்குலத்தின்ர காந்தம் சின்னன், அதால தெரியாமக் கிடந்திருக்கும்.

15 பாகை பிழையோட 5 கடல்மைல் ஓடினால் 1.3 கடல்மைல் பக்கத்தில போய் நிப்பீங்கள். நெடுந்தீவுப் பக்கம் இராவில அந்தளவு பிழை எண்டால் கல்லிலயும் ஏறலாம், இந்தியாவோட இருக்கிற கடல் எல்லைக் கோட்டையும் தாண்டலாம்.

திசைகாட்டியின்ர திருத்தக் காந்தத்தைத் திருகிச் சரிப்பண்ணப் பாக்காதேங்கோ. படகு சரியேக்க திசைகாட்டித் தட்டு மட்டமா நிக்கும், ஸ்பீக்கர் படகோட சேர்ந்து சரியும். இரண்டுக்கும் இடையில கோணம் மாறுறதால பிழையும் மாறும். கட்டிக்கிடக்கேக்க சரி, சோளகத்துக்குப் பாய் விரிச்சுச் சரிஞ்சு ஓடேக்க பிழை.

ஸ்பீக்கரைக் கழட்டிக் கையில எடுங்கோ. படகு அசையாமக் கட்டியிருக்கவேணும். தூரத்திலயிருந்து மெள்ள மெள்ளத் திசைகாட்டிக்குக் கிட்டக் கொண்டுவந்து, தட்டு முதல் அசையிற தூரத்தை அளவுங்கோ. ஸ்பீக்கரை மறுவளம் திருப்பியும் ஒருக்கா, மேலயும் கீழயும் வைச்சு ஒருக்கா. கூடின தூரம் எதுவோ அதில அரைவாசியை இன்னும் கூட்டுங்கோ. வழக்கமா ஒரு மீற்றருக்குக் கிட்ட வரும். ஒட்டோபைலட் (தானாச் சுக்கான் பிடிக்கிற கருவி) இருந்தால் அதின்ர திசையுணரி பெட்டிக்குள்ளயோ கட்டிலுக்குக் கீழயோ ஒளிச்சுக் கிடக்கும், அதையும் தேடி அதே சோதனை. ஸ்ரீரியோவுக்குப் போற 4 சதுர மி.மீ. சோடியையும் ஒண்டோடொண்டு முறுக்கி ஓட்டுங்கோ. விரிச்சுவிட்டால் அதுவும் தட்டை இழுக்கும்.

நீலப்பாய்
அளந்தன், 70 செ.மீ. இல அசையத் தொடங்குது. அப்ப 105. இடது ஸ்பீக்கரைப் பின்னுக்குக் கொண்டுபோகத்தான் வேணும். பழைய ஓட்டையை என்ன செய்யிறது?

அணியம்
இதில நான் சொல்லலாம். பழைய ஓட்டையைப் பைபரால அடைச்சு நிறம் பிடிக்க வைக்கிறது பெரிய வேலை. திருகித் திறக்கிற வட்ட மூடி ஒண்டு, உள்விட்டம் 5 அல்லது 6 அங்குலம், சட்டத்தோட வாங்கிப் பூட்டுங்கோ. ஓட்டையும் அடைபடும், உள்ளே கை விடவும் வழி.

புது ஓட்டைக்கு முதல் 3 மி.மீ. துளை ஒண்டு போட்டு, வளைச்ச கம்பியை உள்ளே விட்டுச் சுழட்டிப் பாருங்கோ. 6.5 அங்குலத்துக்குப் பின்னால ஏறக்குறைய 70 மி.மீ. ஆழம் வேணும். வெட்டு விட்டத்தை ஸ்பீக்கரோட வந்த அட்டையில பாருங்கோ, ஆளுக்காள் மாறும். ஜெல்கோட்டுக்கு (பைபரின்ர மினுங்கிற வெளிப்பூச்சு) மேல மாஸ்கிங் ரேப் ஒட்டி, துளைவாளை முதல் மறுவளம் சுத்தவிட்டுக் கோடு விழுத்திப்போட்டு நேரே வெட்டினால் ஓரம் உடையாது.

வெட்டின ஓரத்தை வடிவாப் பாருங்கோ. இரண்டு பைபர்த் தட்டுக்கு நடுவில மரம், பல்சாவோ பிளைவூட்டோ, இருந்தால் அதை அப்பிடியே விடக் கூடாது. சுத்திவர 10 மி.மீ. ஆழத்துக்கு மரத்தைத் தோண்டி, சிலிக்காத் தூள் கலந்து தடிப்பாக்கின எப்பொக்சியால நிரப்புங்கோ. ஸ்க்ரூ ஏறுறதும் அந்த எப்பொக்சியிலதான் இருக்கவேணும். விட்டால் ஒரு மாரியில தண்ணி மரத்துக்குள்ள நடக்கும். ஸ்பீக்கர் நல்லாயிருக்கும், சுவர் உக்கும். வலது பக்க ஓட்டையைப் பெருப்பிச்சனீங்கள்தானே, அதையும் கழட்டிப் பாருங்கோ.

ஸ்க்ரூ 316 ஸ்ரெயின்லெஸ். சீலுக்கு, வினாகிரி மணக்கிற சிலிக்கன் வேண்டாம், அந்த அமிலம் முனைகளை அரிக்கும். பொலியூரத்தேன் பசையும் வேண்டாம், திரும்பக் கழட்டேக்க ஸ்பீக்கர் சட்டமும் சேர்ந்து உடையும். பியூற்றைல் ரேப் (ஒட்டுற ரப்பர் நாடா) நல்லது.

மின்கம்பி
மரைன் எண்டாலும் தண்ணி தாங்கிறது முன்பக்கம் மட்டும். பின்னால பெட்டிக்குள்ள நனைஞ்ச கயிறும் பாயும் எறியிற ஆக்கள் எண்டால் ஒரு லீற்றர் ஐஸ்கிறீம் டப்பாவை மேல்பாதி மூடுற மாதிரி வெட்டி, குடை மாதிரிப் பூட்டிவிடுங்கோ. முழுசா அடைச்சால் பேஸ் திரும்பப் போயிடும். வயர் ஸ்பீக்கருக்குக் கீழால ஒரு தொங்கல் விழுந்து ஏறட்டும், அப்ப ஒழுகிற தண்ணி முனைக்குப் போகாமல் தொங்கலில சொட்டும்.

சுக்கான்கட்டை
விஎச்எப் வானொலியின்ர வெளி ஸ்பீக்கரை இந்தச் சோடியோட சேர்க்கிற யோசனை வந்தால் விட்டிடுங்கோ. அதுக்குத் தனியா 4 ஓம் ஒண்டு, தனி வயர். பாட்டுப் போடேக்க 16 ஆம் சனல் (ஆபத்துக்குக் கூப்பிடுற சனல்) கேக்கிற அளவில சத்தத்தை வையுங்கோ.

நீலப்பாய்
வலது பக்கம் கழட்டினன். நடுவில பிளைவூட், ஓரம் ஈரம். 4 சதுர மி.மீ. வயர் 14 மீற்றருக்குச் சொல்லியிருக்கிறன். ஈரத்தோட எப்பொக்சி போடலாமோ?

அணியம்
போடாதேங்கோ, பிடிக்காது. கறுத்த மரம் எல்லாத்தையும் தோண்டி எடுங்கோ, ஸ்க்ரூட்ரைவர் பிடியால சுத்திவரத் தட்டிக்கொண்டு போனால் எங்கை சத்தம் மொத்தையா மாறுதோ அந்த இடம் வரைக்கும் ஈரம் உள்ளுக்க ஏறியிருக்கு. மிச்சத்துக்கு நல்ல தண்ணியால உப்பைக் கழுவி, ஓட்டையைத் திறந்தபடி விட்டு, மழை படாமல் மேல தரப்பாள் கட்டி இரண்டு கிழமை காயவிடுங்கோ. கெதியாக் காயட்டும் எண்டு ஹீற் கன் பிடிச்சால் பைபர் தட்டு மரத்தை விட்டு எழும்பும்.