காது கேக்காத சினைப் பூனை: குட்டி போடுறதுக்குள்ள என்னென்ன தயார் பண்ணணும்? (தங்கச்சிமடம்)

தங்கச்சிமடம்_24

படகுத்துறையில திரிஞ்ச வெள்ளைப் பூனை ஒண்ணு இப்ப வீட்டுல இருக்கு. ரெண்டு கண்ணும் நீலம். தூங்குறப்ப பக்கத்து ரூம்ல எவர்சில்வர் தட்டைக் கீழ போட்டாலும் காது கூட அசையல. தரையில கால் தட்டினா மட்டும் தலையைத் தூக்குது. எடை 3.1 கிலோ. காம்பெல்லாம் ரோஸ் நிறமா புடைச்சிருக்கு, வயித்துல கை வச்சா குட்டி அசையிறது தெரியுது. என்னைக்கு சினையாச்சுன்னு தெரியாது.

மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் போகல. அதனால கருவாடும் பால்சோறும்தான் போடுறேன். படுக்கைக்கு ஒரு பெரிய ஓலைக் கடகம் இருக்கு, மேல 60 வாட் குண்டு பல்பு தொங்கவிடலாம்னு யோசனை. வீட்டுக் கூரை சிமெண்ட் ஷீட். குட்டி கத்தினா தாய்க்குக் கேக்காதே, அதுதான் பெரிய கவலை. குட்டி கழுத்துல சின்ன மணி கட்டினா உதவுமா?

வாடைக்காத்து

பூனைக்கு மணி கட்டுறது யாருன்னு கேப்பாங்க, நீங்க கட்டியே முடிச்சிருவீங்க போல. கேக்கப்போறது யாரு தம்பி? தாய்க்குக் கேக்காது. கண்ணு திறக்காத குட்டி கழுத்துல கயிறு ஏறினா காலோ தாடையோ மாட்டி இறுகிரும். மணி வேண்டாம்.

முதல்ல ஒண்ணைப் புரிஞ்சுக்கங்க. தாய்ப்பூனை குட்டியைப் பாக்குறது பெரும்பாலும் மோப்பத்தாலயும் தொடுதலாலயும்தான். குட்டிகளும் பிறக்கும்போது செவிடு, குருடு; சூட்டையும் வாசனையையும் வச்சுத்தான் காம்பைத் தேடுது. அதனால செவிட்டுத் தாய் நல்லாவே பால் கொடுக்கும், நக்கும். ரெண்டே இடத்துலதான் இடிக்கும். குட்டி அடியில நசுங்கிக் கத்தும்போது எந்திரிக்காது. குட்டி வெளிய தவறி விழுந்து கத்தும்போது தேடிப் போகாது. ஆக, குட்டி கத்தவே தேவையில்லாத மாதிரி பெட்டியை அமைக்கணும்.

கடகத்தை விடுங்க. ஓலைப் பின்னல்ல குட்டி நகம் மாட்டும், பனிக்குட நீர் இறங்கினா கழுவ முடியாது, அடி வளைவா இருக்கிறதால குட்டியெல்லாம் நடுவுல உருண்டு தாய்க்கு அடியில போயிரும். மீன் ஏத்துற தெர்மாகோல் பெட்டியும் வேண்டாம், சுரண்டித் தின்னும், இந்த வெயில்ல உள்ள வேகும். 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம் உள்ள அட்டைப்பெட்டி எடுங்க. முன்பக்கம் வாசல் வெட்டும்போது கீழ 15 செ.மீ. விட்டு வெட்டுங்க. தாய் தாண்டும், குட்டி தாண்டாது. மூணாவது வாரம் குட்டி நடக்க ஆரம்பிச்சதும் அந்தத் தடுப்பை இன்னும் ஒரு சாண் உயர்த்துங்க.

அடியில மொத்தமா நியூஸ்பேப்பர், மேல ஒரே ஒரு பழைய கைலி. நாலு ஓரத்தையும் பெட்டிக்கு அடியில இழுத்து மடக்கி டேப் போடுங்க. மெத்துனு இருக்கட்டும்னு போர்வையைச் சுருட்டிப் போடாதீங்க. குட்டி அந்த மடிப்புக்குள்ள மாட்டிச் செத்துரும். மடிப்புக்கு மேல தாய் உக்காரும், உள்ள கத்துறது அதுக்குத் தெரியாது. டர்க்கி டவல் நூலிலயும் நகம் மாட்டும். முடிஞ்சா முக்கால் இஞ்ச் பிவிசி பைப்பை உள்சுவர்ல இருந்து 5 செ.மீ. தள்ளி, தரையில இருந்து 5 செ.மீ. உயரத்துல சுத்தி மாட்டுங்க. நாய்க்குப் பெட்டி செய்யும்போது வைக்கிற அதே கம்பி. தாய் சுவர்ல சாஞ்சு படுத்தாலும் அந்த இடுக்குல குட்டிக்கு மூச்சு இருக்கும்.

இப்ப பல்பு. மூடின பெட்டிக்கு மேல 60 வாட்டு போட்டா உள்ள 40 டிகிரியைச் சுலபமா தாண்டும். தாய் சூடு தாங்காம வெளிய வந்து தரையில படுக்கும், குட்டி உள்ள வெந்து கத்தும், அதுக்குக் கேக்காது. முதல் வாரம் குட்டி படுக்கிற மட்டத்துல 29 முதல் 32 டிகிரி செல்சியஸ், ரெண்டாவது வாரம் 27 முதல் 29. மே மாசத்துல நம்ம பக்கம் பகல்ல அது சும்மாவே கிடைக்கும், சிமெண்ட் ஷீட்டுக்கு அடியில மதியம் அதுக்கு மேலயே போகும். கான்கிரீட் கூரை உள்ள ரூமுக்கு மாத்துங்க, இல்லைன்னா ஷீட் மேல ஈரச்சாக்கு போடுங்க. குட்டிகள் ஒண்ணு மேல ஒண்ணு குவிஞ்சா குளிர். ஆளுக்கொரு மூலையில பரந்து கிடந்து கத்தினா சூடு. விடியக்காலை காத்து குளிர்ந்தா ஒரு லிட்டர் பாட்டில்ல வெந்நீர் ஊத்தித் துணி சுத்தி ஒரே ஒரு மூலையில வைங்க, விலகிப் போக இடம் இருக்கணும். ஃபேன் நேரா அடிக்கக் கூடாது.

எறும்பு! மணல்தரை வீட்டுல இதுவும் குட்டியைக் கொல்லும். ரத்த வாடைக்குச் செவ்வெறும்பு அரை மணி நேரத்துல வரிசை கட்டும். நாலு கால் உள்ள தாழ்வான பலகையில பெட்டியை வச்சு, ஒவ்வொரு காலையும் தண்ணி ஊத்தின கொட்டாங்குச்சியில நிறுத்துங்க. எறும்பு சாக்பீஸ், பொடி, பினாயில், டெட்டால் எதுவும் அந்த ரூமுக்குள்ள வரக்கூடாது. பூனை ஈரலால இதையெல்லாம் முறிக்க முடியாது, நக்கியே விஷமாகும். தரையைச் சோப்புத் தண்ணியில துடைச்சா போதும். நாய்க்குப் போடுற உண்ணி மருந்தும் வேண்டாம், பெர்மெத்ரின் இருந்தா பூனை வலிப்பு வந்து சாகும். தெள்ளுக்கு நெருக்கமான சீப்பு.

தாயைத் தொடுறதுக்கு முன்னாடி தரையைத் தட்டுங்க, முன்பக்கமா வாங்க, கையை மூக்குக்கு நேரா நீட்டி மோந்து பாக்க விடுங்க. தூங்கும்போது தொட்டா கடிக்கும், அது அது குத்தமில்ல. ராத்திரி ஒரு ஜீரோ வாட் பல்பு எரியட்டும். பழைய செல்போன் ஒண்ணைப் பெட்டிக்கு வெளிய வச்சு உங்க போனுக்குக் கால் போட்டு விட்டா, தாய்க்குக் கேக்காத அழுகை உங்களுக்குக் கேக்கும். பீரோ இடுக்கு, கட்டிலடி எல்லாம் அடைச்சிருங்க. ஒரு குட்டியைக் கவ்விட்டுப் போய் அங்க படுத்துட்டா மீதி கத்துறது அதுக்குத் தெரியப்போறதில்ல.

இன்னொண்ணு, செவிட்டுப் பூனை தன் சத்தமே தெரியாம ஊரைக் கூட்டும். கத்துறதை வச்சு வலி வந்திருச்சுன்னு முடிவு பண்ணாதீங்க.

கீழக்கரை_காக்கா

தம்பி, கருவாட்டை இன்னைக்கே நிப்பாட்டுங்க. எத்தனை தண்ணியில ஊற வச்சாலும் உப்பு போவாது. பால்சோறுல வயிறு நிறையும், குட்டிக்கு ஒண்ணும் போகாது, கூடவே பேதி. தடைக்காலம் ஜூன் 14 வரைக்கும் இருக்கு, அதுவரைக்கும் மீனை நம்ப வேண்டாம். கோழிக்கடையில கழுத்து, இருதயம், சதை வாங்கி உப்பு, வெங்காயம், பூண்டு இல்லாம அவிச்சு எலும்பு எடுத்துட்டுப் போடுங்க. அவிச்ச முட்டை தினம் ஒண்ணு. ஈரல் வாரம் ரெண்டு தடவை ஒரு தேக்கரண்டி, அதுக்கு மேல வேண்டாம். வைட்டமின் ஏ கூடினா வயித்துல உள்ள குட்டிக்கு ஊனம் வரும். பாதிக்குப் பாதி குட்டிப்பூனைத் தீனின்னு போட்டிருக்கிற உலர் தீனி. பெரிய பூனைக்கு உள்ளது இல்ல, குட்டிக்கு உள்ளது. பால் கொடுக்கிற மூணாவது நாலாவது வாரம் வழக்கத்தை விட ரெண்டு மூணு மடங்கு தின்னும். தட்டு காலியா இருக்கக் கூடாது.

நாட்டுப்படகு மீன் கிடைச்சா காரல், சூடை எதுவா இருந்தாலும் அவிச்சு முள் எடுத்துக் கொடுங்க. பச்சையா நெத்திலி, சூடை தொடர்ந்து தின்னா வைட்டமின் பி1 அழிஞ்சு தலை தொங்கி வலிப்பு வரும். அவிச்சா அந்தச் சிக்கல் இல்ல. வலையில கழிச்சுப் போடுற பேத்தை மீன் பக்கம் போகவே விடாதீங்க, அவிச்சாலும் அதுல விஷம் நிக்கும்.

தண்ணி காவிரித் தண்ணி வைங்க, போர் தண்ணி இல்ல. உப்புத்தண்ணின்னா மோந்துட்டுப் போயிரும், தண்ணி குடிக்காத பூனைக்குப் பால் சுரக்காது. ரெண்டு இடத்துல அகலக் கிண்ணத்துல வைங்க. மணல் தட்டுக்குக் கடற்கரை மணல் எடுக்காதீங்க, ஈரம் பிடிச்சு நாறும். கட்டி பிடிக்கிற கடைமணலும் குட்டி ரெண்டு மாசம் ஆகிற வரைக்கும் வேண்டாம், தின்னு குடல்ல கட்டியாயிரும்.

மருந்தக_உதவி

மேலே சொன்னவற்றோடு ஒரு திருத்தம்: செவிடு என்று முடிவு கட்டுமுன் காதுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். காப்பித்தூள் போல கறுப்பு அழுக்கு இருந்தால் காதுப்பேன்; குட்டிகளுக்கும் தொற்றும். சினைக்காலத்தில் நீங்களாக எந்தச் சொட்டு மருந்தும் விட வேண்டாம். காது சுத்தமாக இருந்தால், இரு கண்ணும் நீலமான வெள்ளைப் பூனை என்பதால் பிறவிச் செவிடு என்றே கொள்ளலாம். அந்த வகையில் 65 முதல் 85 சதவீதம் வரை செவிடு.

குட்டிகளும் செவிடாகுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தத்துக் கொடுக்கும்போது எல்லோரும் கேட்பார்கள். இந்தச் செவிடு வெள்ளை மரபணுவோடு வருவது. கறுப்பு, சாம்பல், புலிக்கோடு என நிறத்தோடு பிறக்கும் குட்டிக்கு இந்தக் குறை வராது. முழு வெள்ளைக் குட்டிகளை மட்டும் ஐந்து, ஆறு வாரத்தில் சோதியுங்கள்: தூங்கும்போது, காற்றோ நிழலோ அதிர்வோ படாத தூரத்தில் சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். பக்கத்தில் கை தட்டினால் காற்று பட்டே திரும்பும், ஏமாந்துவிடுவீர்கள். ஒரு காது மட்டும் செவிடானதை இந்த முறையில் கண்டுபிடிக்க முடியாது.

நாள் கணக்கு தெரியாததால் ஒரு எக்ஸ்ரே உதவும். 45 நாளுக்கு மேல் எலும்பு தெரியும், மண்டைகளை எண்ணலாம். நான்கு என்று தெரிந்திருந்தால் மூன்றோடு நின்றபோது காத்திருக்கலாமா, ஓடலாமா என்று குழம்ப வேண்டாம். மொத்தச் சினைக்காலம் 63 முதல் 65 நாள்.

மருந்துக்கடை டிஜிட்டல் வெப்பமானி வாங்கி, நுனியில் வாசலைன் தடவி, காலையும் மாலையும் ஆசனவாயில் பாருங்கள். வழக்கம் 100.5 முதல் 102.5 பாரன்ஹீட். 100க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் ஈனும்.

உடனே டாக்டர் வேண்டிய நிலைகள்: பலமாக முக்கி 20, 30 நிமிடமாகியும் குட்டி வராதது, முதல் குட்டிக்கு முன்பே பச்சை நீர், பாதி வந்து சிக்கியது, நாற்றமுள்ள கசிவு. முக்கல் இல்லாமல் தாய் நிம்மதியாகப் பால் கொடுத்துக்கொண்டு இடைவெளி விட்டால் அது வேறு, பூனைகளுக்கு அப்படி உண்டு. ஆக்சிடோசின் ஊசியை யார் சொன்னாலும் வீட்டில் போடாதீர்கள்; குறுக்கே சிக்கிய குட்டியின் மேல் கருப்பை இறுகினால் கிழியும். பால் கொடுக்கும் நாட்களில் தாய் நடுங்கினாலோ, விறைத்து நடந்தாலோ கால்சியம் இறங்கியிருக்கிறது. குட்டிகளைப் பிரித்துவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும். அதற்காகச் சினையில் முன்கூட்டியே கால்சியம் மாத்திரை கொடுப்பது தலைகீழ் விளைவு தரும்.

தங்கச்சிமடம்_24

காதுல அழுக்கு இல்ல. பெட்டி, கைலி, கொட்டாங்குச்சி எல்லாம் ஆச்சு. நேத்து ராத்திரி 101.2 இருந்துச்சு, இன்னைக்குச் சாயங்காலம் 99.3. படுக்கையைச் சுரண்டுது, சாப்பிடல. எக்ஸ்ரே எடுக்க நேரமில்ல. குட்டிப்பூனைக்கான பால்பவுடர் ஆர்டர் போட்டது நாளன்னைக்குத்தான் வரும். காக்கா, அதுக்குள்ள தேவைப்பட்டா ஆட்டுப்பால் கொடுக்கலாமா?

கீழக்கரை_காக்கா

வெறும் ஆட்டுப்பாலோ மாட்டுப்பாலோ பத்தாது, பூனைப்பாலுக்கு உள்ள புரதமும் கொழுப்பும் அதுல கிடையாது. ஒரு நாளுக்கு ஒப்பேத்த: கொழுப்பு எடுக்காத பால் 240 மில்லி, முட்டை மஞ்சள் கரு ரெண்டு, சமையல் எண்ணெய் ஒரு டீஸ்பூன். அடிச்சு வடிகட்டி ஃபிரிட்ஜ்ல வைங்க, 24 மணி நேரத்துல மிச்சத்தைக் கொட்டிருங்க. கொடுக்கும்போது மணிக்கட்டுல விட்டா வெதுவெதுன்னு இருக்கணும். ஆனா தாய் பால் கொடுத்து எடை ஏறினா தொடவே வேண்டாம்.

வாடைக்காத்து

அப்ப இன்னைக்கு ராத்திரிதான். கிட்ட வைக்க வேண்டியது: சுத்தமான பழைய பருத்தித் துணி பத்து, கொதிக்க வச்ச கத்திரி, தையல் நூல், பொவிடோன் அயோடின், ஒரு கிராம் வரை காட்டுற சமையல் தராசு, ஊசி இல்லாத 2 மில்லி சிரிஞ்ச். டாக்டர் நம்பர் சுவத்துல.

அது பாக்குற பக்கமா, நாலடி தள்ளி உக்காருங்க. உங்களைப் பாத்துக்கிட்டே இருந்தா பயப்படாது. பின்னாடி இருந்து திடீர்னு முளைச்சா குட்டியைக் கவ்விட்டு ஓடும். குட்டி வந்து ஒரு நிமிஷத்துல தாய் பையைக் கிழிக்கலைன்னா நீங்க மூக்குப்பக்கம் கிழிங்க, வாயைத் துடைங்க, துணியால முதுகைத் தேயுங்க. தலைகீழாப் பிடிச்சு வீசாதீங்க. தொப்புள்கொடியைத் தாய் கடிக்கலைன்னா வயித்துல இருந்து 2.5 செ.மீ. தள்ளி நூலால கட்டி, கட்டுக்கு வெளிய வெட்டி, நுனியில அயோடின். நஞ்சுக்கொடி எண்ணுங்க, குட்டிக்கு ஒண்ணு வரணும். அடுத்த குட்டிக்கு அது முக்கும்போது முதல் குட்டி காலடியில இருக்கும், கத்தினாலும் விலகாது. நீங்க எடுத்து வெந்நீர் பாட்டில் பக்கம் வச்சு, முடிஞ்சதும் காம்புல விடுங்க.

பிறந்த எடை 80 முதல் 110 கிராம் இருக்கும். தினம் ஒரே நேரத்துல நிறுங்க, 10 கிராம் ஏறணும். முதல் நாள் கொஞ்சம் இறங்கினா பரவாயில்ல, பத்துல ஒரு பங்குக்கு மேல இறங்கினா டாக்டர். செவிட்டுத் தாய்கிட்ட இந்தத் தராசுதான் குட்டியோட வாய். ஏறாத குட்டிக்கு மட்டும் மேல்பால்: 100 கிராம் குட்டிக்கு ஒரு தடவை 4 மில்லிக்கு மேல போகாம, ரெண்டு மூணு மணிக்கு ஒருக்கா, குப்புற வச்ச நிலையில துளித்துளியா. மல்லாத்தினா நுரையீரல்ல போகும். உடம்பு சில்லுனு இருக்கிற குட்டிக்குப் பால் கொடுக்கக் கூடாது, குடல் ஓடாது. உள்ளங்கையில வச்சு 95 பாரன்ஹீட் வரைக்கும் ஏத்தின பிறகுதான்.

ரெண்டு வாரத்துல பூச்சி மருந்து, எடை சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க. பால் கொடுக்கிறப்பவே மறுபடி சினை பிடிக்கும், அதனால கடுவன் ஜன்னல் வழியா வராம கம்பிவலை அடிங்க. எட்டாவது வாரம் குட்டி பிரிஞ்சதும், மடி வத்தினதும் கருத்தடை. இதை இனி வெளிய விட முடியாது, வண்டி ஹார்ன் கேக்காது.

முதல் குட்டி வந்த நேரத்தையும் எடையையும் நிறத்தையும் சுவத்துக் காலண்டர்ல எழுதிட்டே வாங்க. நாலு குட்டி வந்து, நாலும் ஒரே வெள்ளையா இருந்தா வால் நுனியில நெயில் பாலிஷ் வைக்காதீங்க, தாய் நக்கும். ஒண்ணுக்கு வலது காதோரம், ஒண்ணுக்கு இடது காதோரம், ஒண்ணுக்குத் தோள்பட்டையில கத்திரியால கொஞ்சூண்டு முடி வெட்டி விடுங்க, நாலாவதை அப்படியே விடுங்க.