ஒபாமாகேர் சப்சிடி (2025 டிசம்பர்): ரெண்டு கட்சியும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வரவே முடியாதா?

டெக்சாஸ்_தம்பி:
வணக்கம் மக்களே. வேலைய விட்டுட்டு சின்னதா சொந்த பிசினஸ் பண்றேன், கம்பெனி இன்ஷூரன்ஸ் கிடையாது, குடும்பத்துக்கே ஒபாமாகேர் (2010 ஹெல்த் இன்ஷூரன்ஸ் சட்டம்) மார்க்கெட்பிளேஸ்லதான், அதாவது அந்தச் சட்டத்துல வந்த இன்ஷூரன்ஸ் சந்தைலதான் எடுத்திருக்கோம். 2021ல கோவிட் சமயத்துல கூட்டிக் குடுத்த சப்சிடி இந்த 2025 டிசம்பரோட முடியுது, 2026 ஜனவரில இருந்து வறுமைக்கோட்டுல 400 சதவீதம்ங்கிற பழைய வருமானக் கணக்குதான், அதாவது நாலு பேர் குடும்பத்துக்கு வருஷம் 128,600 டாலரத் தாண்டி ஒரு டாலர் வந்தாலும் சப்சிடி பூஜ்யம். எங்க ப்ரீமியம் ரெண்டு மடங்குக்கு மேல போகுது, வீட்டுல பேச்சே இதுதான்.

இதுக்காக 43 நாள் கவர்மெண்ட மூடி வச்சாங்க. அப்புறம் டிசம்பர்ல ஓட்டெடுப்பு வைக்கிறோம்னு சொன்ன ஒத்த வார்த்தைய நம்பி டெமாக்ரட் பக்கத்துல இருந்து எட்டு செனட்டர்கள் இறங்கி வந்து திறக்க விட்டாங்க. ஓட்டெடுப்பும் நடந்துச்சு. டெமாக்ரட் பில் 3 வருஷ நீட்டிப்பு, ரிபப்ளிகன் பில் சப்சிடிக்குப் பதிலா எச்எஸ்ஏங்கிற மருத்துவச் சேமிப்புக் கணக்குல பணம் போடறது, செனட்ல பில் நகரத் தேவையான 60 ஓட்ட ரெண்டுமே தொடாம விழுந்துச்சு.

என் கேள்வி இதான். 100 பேர்ல நடுவுல நின்னு பேசி முடிக்க ஒரு பத்து பதினஞ்சு பேர் கூடவா இல்ல? கட்சிச் சண்டை வேணாம், வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓலைச்சுவடி:
ஆள் இல்லாம இல்ல தம்பி. உக்காந்து பேசினா தீந்துரும்னு நம்பி ஒபாமாகேர் சட்டத்தப் பத்தி 2009 கோடை முழுக்க பேசினாங்களே, அதப் பாத்தா உனக்கே புரியும். செனட் ஃபைனான்ஸ் கமிட்டி தலைவர் மேக்ஸ் பாக்கஸ், மூணு டெமாக்ரட் மூணு ரிபப்ளிகன்னு ஆறு பேரா மாசக்கணக்குல பேச்சுவார்த்தை. ஒபாமாவும் காத்துக்கிட்டு இருந்தாரு. ஆகஸ்ட் லீவுக்கு எல்லாரும் ஊருக்குப் போனாங்க, அந்த ஆறு பேர்ல ஒருத்தரான ரிபப்ளிகன் சக் கிராஸ்லி அயோவா கூட்டத்துல பாட்டிக்கு எப்ப ப்ளக்க புடுங்கறதுன்னு கவர்மெண்ட் முடிவு பண்ணக் கூடாதுன்னு பேசிட்டு வந்தாரு. பேச்சுவார்த்தை மேஜைல உக்காந்திருக்கிற ஆளே அப்படிப் பேசினா மத்தவங்களக் கேக்கணுமா. ரிபப்ளிகன்ல ஒலிம்பியா ஸ்னோ ஒருத்தங்க அக்டோபர்ல கமிட்டில ஆதரிச்சு ஓட்டுப் போட்டாங்க, டிசம்பர் 24ல முழு செனட்டுக்கு வந்தப்ப அவங்களும் எதிர்ப்பு. 60-39ல பாஸ், ரிபப்ளிகன் ஓட்டு ஒண்ணு கூட இல்ல.

இத்தனைக்கும் அந்தச் சட்டத்துல இருந்த சரக்கு என்ன? எல்லாரும் இன்ஷூரன்ஸ் எடுத்தே ஆகணும்ங்கிற ஐடியா 1989ல வலதுசாரி ஆய்வு அமைப்பான ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் எழுதினது, 2006ல மாசசூசெட்ஸ்ல ரிபப்ளிகன் கவர்னர் மிட் ராம்னி கையெழுத்துப் போட்டது. கவர்மெண்டே நடத்துற பப்ளிக் ஆப்ஷனையும் தூக்கிட்டாங்க, அதுவும் ரிபப்ளிகனுக்காக இல்ல, டெமாக்ரட் பக்கமே உக்காந்திருந்த செனட்டர் ஜோ லீபர்மேனுக்காக. சரக்குல பாதி தூரம் போயாச்சு, ஓட்டு வரல. ஏன்னா சேர்ந்து பாஸ் பண்ணா பேர் பிரசிடென்டுக்குப் போகும், எதிர்த்து நின்னா அடுத்த தேர்தல்ல சீட் வரும். 1993 டிசம்பர்லயே ரிபப்ளிகன் ஆலோசகர் பில் கிறிஸ்டல் தன் கட்சிக்காரங்களுக்கு மெமோ எழுதினாரு, கிளின்டனோட ஹெல்த் இன்ஷூரன்ஸ் திட்டத்துல திருத்தம் பேரம்லாம் வேணாம், மொத்தமா கொல்லுங்கன்னு. 94ல அந்தத் திட்டம் செத்துச்சு, நவம்பர்ல காங்கிரஸ் ரெண்டு சபையும் ரிபப்ளிகன் கைக்குப் போச்சு. ஜெயிச்ச பாடத்த எவன் மறப்பான்?

மிச்சிகன்_மாறன்:
ஓலைச்சுவடி சார் சொல்றது பாதிக் கதைதான். ஒத்தக் கட்சியா பாஸ் பண்ணா அதுக்கு ஒரு வெல இருக்கு, அத நாமதான் இப்ப கட்டிக்கிட்டு இருக்கோம். 1965 மெடிகேர் (65 வயசு ஆனவங்களுக்கான கவர்மெண்ட் இன்ஷூரன்ஸ்) எடுத்துக்கோங்க, கடைசி ஓட்டுல செனட் 70-24, அதுல 13 ரிபப்ளிகன், ஹவுஸ்ல (கீழ்சபை) 70 ரிபப்ளிகன். அத ஒழிப்போம்னு சொல்லி இன்னிக்கு எவனும் தேர்தல்ல நிக்க முடியாது. ஒபாமாகேர் கதை என்ன? 2012ல சுப்ரீம் கோர்ட் 5-4ல பொழச்சுது, அதே தீர்ப்புல மெடிகெய்ட் (வருமானம் கம்மியானவங்களுக்கான கவர்மெண்ட் இன்ஷூரன்ஸ்) விரிவாக்கம் மாநிலத்தோட இஷ்டம்னு ஆச்சு (தம்பி இருக்கிற டெக்சாஸ் இன்னிக்கு வரைக்கும் எடுக்கல). 2017 ஜூலைல அத ஒழிக்கிற பில் 49-51ல தோத்துச்சு, ரிபப்ளிகன் செனட்டர் மெக்கெய்ன் கட்டவிரலக் கீழ காட்டினதால தப்பிச்சுது. அதே வருஷம் டிசம்பர் டாக்ஸ் பில்லுல இன்ஷூரன்ஸ் எடுக்காதவங்களுக்கு இருந்த அபராதத்தப் பூஜ்யமாக்கிட்டாங்க. 15 வருஷமா தலைக்கு மேல கத்தி.

இன்னொண்ணு. இந்த சப்சிடி 2025ல முடியணும்னு தேதி போட்டது யாரு? 2021லயும் 2022லயும் டெமாக்ரட்டுகளே, பண விஷயத்த 60 இல்லாம வெறும் மெஜாரிட்டில பாஸ் பண்ற ரீகன்ஸிலியேஷன் வழில, ரிபப்ளிகன் ஓட்டு ஒண்ணு கூட இல்லாம பாஸ் பண்ணது, 2022ல 50 ஓட்டு ப்ளஸ் வைஸ் பிரசிடென்ட் கமலா ஹாரிஸ் ஓட்டு. நிரந்தரமாக்கினா செலவுக் கணக்கு எகிறும்னு தேதி போட்டு வச்சாங்க. நீங்க தனியா போட்ட தேதிக்கு எதிர்க்கட்சி வந்து காசு கட்டணும்னா எப்படி? கேட்டா மட்டும் கோவம் வருது.

நர்ஸ்_அக்கா:
நான் ஆஸ்பத்திரிப் பக்கத்துல இருந்து சொல்றேன். ரெண்டு கட்சியும் சேர்ந்து செஞ்ச நல்ல காரியம் நிறைய இருக்கு, பேப்பர்ல பெருசா வராது அவ்வளவுதான். 1997ல குழந்தைங்களுக்கான சிப் திட்டம், ரிபப்ளிகன் ஆரின் ஹேட்சும் டெமாக்ரட் டெட் கென்னடியும் சேர்ந்து கொண்டு வந்தது. 2015ல மெடிகேர்ல டாக்டர்களுக்குப் பணம் குடுக்கிற முறைய மாத்தின சட்டம் செனட்ல 92-8. 2020 டிசம்பர்ல நோ சர்ப்ரைசஸ் ஆக்ட், எமர்ஜென்சில போயிட்டு வந்தா நம்ம நெட்வொர்க்ல இல்லாத டாக்டர்கிட்ட இருந்து திடீர்னு பெரிய பில் வருமே, அத நிறுத்தினது.

ஆனா எல்லாத்தையும் வரிசையா வச்சுப் பாருங்க. யாருக்குப் புதுசா இன்ஷூரன்ஸ், அதுக்கு யார்கிட்ட வரி எடுக்கிறது, இந்த ரெண்டு கேள்விலயும் கை வைக்காத வரைக்கும்தான் கை குலுக்குவாங்க. சிப் ஒண்ணுதான் விதிவிலக்கு, குழந்தைங்கன்னதால சிகரெட் வரி போட ஒத்துக்கிட்டாங்க. நோ சர்ப்ரைசஸ் கூட சும்மா வரல, டாக்டர்கள் ஒரு பக்கம் இன்ஷூரன்ஸ்காரங்க ஒரு பக்கம்னு இழுத்து இழுத்து, கடைசில ரோட்டுல ஓடுற ஆம்புலன்ச விட்டுட்டாங்க, ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் மட்டும் உள்ள இருக்கு! இன்சுலின் 2022ல என்னாச்சு, மெடிகேர்காரங்களுக்கு மாசம் 35 டாலர் வந்துச்சு, அதையே பிரைவேட் இன்ஷூரன்ஸுக்கும் வைக்கலாம்னு ஓட்டு விட்டப்ப ஏழு ரிபப்ளிகன் சேர்ந்து 57-43. மெஜாரிட்டி இருந்துச்சு, சட்டம் வரல. தம்பி கேட்ட நடு ஆளுங்க அந்த ஏழு பேர்தான், 60 வேணும்ங்கிற இடத்துல அவங்க பத்தல.

ஓலைச்சுவடி:
மாறன் சார், ரெண்டு கட்சியும் சேர்ந்தா நிலைக்கும்ங்கிறதுக்கு 1988 என்ன பதில் சொல்லுது பாருங்க. மெடிகேர் கேட்டஸ்ட்ராஃபிக் கவரேஜ் ஆக்ட், ஹவுஸ்ல 328-72, செனட்ல 86-11, ரீகன் கையெழுத்து. இதவிட ஒத்துமை வேணுமா? செலவ வசதியான பெரியவங்க தலைல சர்டாக்ஸா (கூடுதல் வரி) போட்டாங்க, ஆளுக்கு 800 டாலர் வரைக்கும். அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல சிகாகோவுல ஹவுஸ் வரிக் கமிட்டித் தலைவர் டான் ராஸ்டன்கௌஸ்கி காரை வழிமறிச்சு தாத்தா பாட்டிங்க துரத்தினாங்க, அவரு இறங்கி ஓடினாரு, டிவில நாடே பாத்துச்சு. நவம்பர்ல அதே காங்கிரஸ் அந்தச் சட்டத்தையே ரத்து பண்ணிருச்சு. ஒத்த ரிபப்ளிகன் ஓட்டு இல்லாத ஒபாமாகேர் இன்னும் இருக்கு. 2017ல அதக் காப்பாத்தினது மெக்கெய்ன் மட்டும் இல்ல, மெடிகெய்ட் வாங்கிக்கிட்டு இருந்த ஜனங்க ஊர்க் கூட்டங்கள்ல போய் சத்தம் போட்டதும்தான். எத்தன பேருக்கு அந்தச் சட்டத்தால சோறு இறங்குதுங்கிறதுதான் கணக்கு.

மிச்சிகன்_மாறன்:
1988 நல்ல உதாரணம்தான். ஆனா அது எனக்கும் உதவுது, காசு யார் கட்டறதுங்கிறதுல ஒப்பந்தம் இல்லாம மேல மேல கை தூக்கினா அப்படித்தான் ஆகும். எனக்கு இப்ப எரிச்சல் வேற இடத்துல. 2017 அக்டோபர்ல ரிபப்ளிகன் லாமர் அலெக்சாண்டரும் டெமாக்ரட் பேட்டி மர்ரேவும் மார்க்கெட்பிளேஸ நிலைப்படுத்த ஒரு சின்ன டீல் போட்டாங்க, ரெண்டு பக்கமும் 12 பேர் 12 பேர்னு கையெழுத்து. அது ஓட்டுக்கே வரல. 60 ஓட்டு விதியவிட, எது ஓட்டுக்கு வரணும்னு முடிவு பண்ற தலைவர் கையில இருக்கிற சாவிதான் பெருசு. சொந்தக் கட்சில பாதிப் பேர் எதிர்த்தா அந்த பில்ல எந்தத் தலைவரும் மேஜைக்குக் கொண்டு வர மாட்டாரு.

டெக்சாஸ்_தம்பி:
அப்ப 60 விதியத் தூக்கிட்டா?

ஓலைச்சுவடி:
தூக்கினா ரெண்டு பக்கமும் வேகமா ஓடும், அதான் ரெண்டு கட்சிக்கும் பயம். ரீகன்ஸிலியேஷன்ல ஏற்கெனவே பாதி தூக்கின மாதிரிதான். இந்த 2025 ஜூலைல வைஸ் பிரசிடென்ட் வான்ஸ் ஓட்டோட 51-50ல மெடிகெய்ட வெட்டினாங்களே, எவன்கிட்ட 60 கேட்டாங்க? பணம் சம்பந்தப்பட்டத மட்டும் 50ல பண்ணலாம், விதிமுறைய மாத்தணும்னா 60. அதனாலதான் குடுக்கறதும் புடுங்கறதும் ஒத்தக் கட்சி வேலையா போச்சு, ஒழுங்கா சீரமைக்கிறது மட்டும் நடக்கல. இப்ப நடக்கிற பேச்சுலயும் கருக்கலைப்புக்கு சப்சிடிப் பணம் போகக் கூடாதுங்கிற ஷரத்து வந்து நிக்குது, 2009லயும் இதே சண்டைதான்.

நர்ஸ்_அக்கா:
தம்பி, இவங்க பேசி முடிக்கிறதுக்குள்ள டிசம்பர் 15 வந்துரும், அதுக்குள்ள பிளான் எடுத்தாதான் ஜனவரி 1ல இருந்து கவரேஜ். 2026ல இருந்து மார்க்கெட்பிளேஸ் ப்ரான்ஸ் பிளான் (ப்ரீமியம் கம்மி, கைக்காசு அதிகம்) எல்லாத்துக்கும் எச்எஸ்ஏ போட்டுக்கலாம். சொந்த பிசினஸ்னா சோலோ 401கேங்கிற ரிட்டயர்மென்ட் சேமிப்புல போட்டு வருமானக் கணக்க 128,600க்குக் கீழ கொண்டு வர முடியுமான்னு உங்க சிபிஏகிட்ட (ஆடிட்டர்) கேளுங்க, கோட்டுக்கு பக்கத்துல இருக்கீங்கன்னா அதுலயே சப்சிடி திரும்ப வந்துரும்.

டெக்சாஸ்_தம்பி:
கோட்டுக்கு பக்கத்துலதான் அக்கா இருக்கேன். நாளைக்கே சிபிஏவுக்குப் போன் போடறேன்.