நடந்தபடி ஊதும்போது பித்தளை ஒலி எகிறுவதற்குத் தமிழ்ச்சொல்

வணக்கம்.

டிரம் கோர் (மைதானத்தில் அணிவகுத்து நகர்ந்தபடியே பித்தளைக் கருவிகளும் மேளங்களும் இசைக்கும் குழு) சொற்பட்டியலில் ஒரு சொல் மட்டும் நிற்கிறது. டிரம்பெட்டோ யூஃபோனியமோ நடந்தபடி ஒரு நீண்ட சுரத்தைப் பிடிக்கும்போது, காலடி விழும் ஒவ்வொரு முறையும் ஒலி லேசாக எகிறி இறங்கும். அமெரிக்கப் பயிற்றுநர்கள் "நீ ஊதும் ஒலியில் உன் காலடி கேட்கிறது" என்பார்கள், சுருக்கமாக 'பவுன்ஸ்'.

டிரம் கோர் இண்டர்நேஷனல் என்ற அமெரிக்க அமைப்பின் போட்டியில் மொத்தம் 100 மதிப்பெண். பொது ஈர்ப்புக்கு 40, காட்சிக்கு 30, இசைக்கு 30. பித்தளைக்குத் தனி நடுவர் உண்டு. அவர் 20க்கு இடும் மதிப்பெண் பாதியாகி இசைக் கணக்கில் சேரும். அந்த நடுவர் காதில் முதலில் விழும் குறைகளில் இது ஒன்று என்பதால் பெயரில்லாமல் விட முடியாது.

இதுவரை வந்தவை: துள்ளல், நடையதிர்வு, ஒலிச்சிதைவு. கருத்துகள் வேண்டும்.

———

மறு: நடந்தபடி ஊதும்போது…

ஐயா, வணக்கம்.

'ஒலிச்சிதைவு' வேண்டவே வேண்டாம். நகர்ந்துகொண்டே ஊதும்போது ஒலி மூன்று வகையில் கெடுகிறது. மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்து வேறு. ஒரே சொல்லில் அடைத்தால் பயிற்சியும் குழம்பும்.

காலடிக்குக் காலடி ஒலி எகிறுவது ஒன்று. மூச்சு தீர்ந்து, சொற்றொடரின் கடைசியில் ஒலி மெலிந்து சுருதி தொய்வது இன்னொன்று. மைதானத்தில் ஆட்கள் சிதறி நிற்பதால் தாளம் பிசகுவது மூன்றாவது. நீங்கள் பெயர் கேட்பது முதலாவதற்கு மட்டும்.

அது எப்படி உண்டாகிறது என்று பார்த்தால்தான் சொல் பிடிபடும். அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் ஐந்து கெஜத்துக்கு ஒரு கோடு. அந்த இடைவெளியை எட்டுத் தப்படியில் கடந்தால் ஒரு தப்படி 57 செ.மீ. ஆறு தப்படியில் கடந்தால் 76 செ.மீ. நிமிடத்துக்கு 180 தட்டு வேகம் என்றால் நொடிக்கு மூன்று தப்படி. பெரிய தப்படியில் அது நொடிக்கு ஏறத்தாழ 2.3 மீட்டர். பலர் அந்த வேகத்தில் ஓடத்தான் செய்வார்கள். இங்கே தோளும் அணசும் (கருவியின் அகன்ற வாய்; நாதசுரக்காரர் சொல்லையே எடுத்துக்கொள்கிறேன்) பார்வையாளரை நோக்கி அசையாமல் நிற்க வேண்டும்.

குதிகால் 'தொப்' என்று விழுந்தால் அந்த இடி இடுப்பு வழியாக விலாவுக்கு ஏறுகிறது. வயிற்றுத் தசை ஒரு கணம் இறுகிக் காற்றழுத்தம் எகிறுகிறது. இது ஒரு வழி. உடல் இறங்கி ஏறும்போது கையிலுள்ள கருவி ஒரு கணம் பின்தங்கி, ஊதுவாய் உதட்டில் மோதுவது இரண்டாவது வழி. முதலாவதில் ஒலியின் அளவு கூடிக் குறையும். இரண்டாவதில் சுருதி ஆடும். மேல் தாயியில் சுரம் உடையும்.

எந்த வழியில் வருகிறது என்று கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. உதட்டை அதிரவிடாமல், விரல்கள் வால்வுகளில் வழக்கம்போல ஓட, வெறும் காற்றை மட்டும் கருவிக்குள் ஊதியபடி அதே பகுதியை நடக்கச் சொல்லுங்கள். 'ஸ்ஸ்' என்ற காற்றோசை காலடிக்கு ஏற்ப விட்டுவிட்டு வந்தால் கோளாறு உடலில், அதாவது காலிலும் வயிற்றிலும். காற்றோசை சீராக ஓடியும் ஊதும்போது மட்டும் எகிறினால் கோளாறு கையில். இடது கை பாரத்தைத் தாங்காமல் வலது கை விரல்கள் கருவியைப் பற்றிக்கொண்டிருக்கும், அல்லது முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கும். டியூபாக்காரருக்குத் தோளில் பத்துக் கிலோவுக்கு மேல் இருப்பதால் அவரைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கருவி சாய்ந்தாலே ஊதுவாய் உதட்டைத் தள்ளும்.

காலுக்கான திருத்தம்: முன்னோக்கி நடக்கையில் கால்விரல்களைத் தூக்கிக் குதிகாலை மெதுவாக வைத்து, பாதம் முழுவதும் உருண்டு போக வேண்டும். பின்னோக்கி நடக்கையில் முன்பாதத்தில் மட்டும். குதிகால் தரையைத் தொடவே கூடாது. பக்கவாட்டில் போகும்போது இடுப்புக்குக் கீழே உடல் போகும் திசைக்குத் திரும்பும், மேலே மட்டும் முன்னோக்கி நிற்கும். இந்த முறுக்கை இடுப்புக்குச் சற்று மேலே எடுக்காமல் விலாவில் எடுத்தால் மூச்சு வாங்கவே இடமிருக்காது.

பயிற்சி வரிசையும் இதை ஒட்டியதே. நின்று பாடு, நடந்து பாடு, நடந்து காற்று மட்டும் ஊது, பிறகு நடந்து மிதமான ஒலியில் வாசி. எட்டுத் தப்படியில் சீரான பிறகே ஆறு. வேகத்தைக் கடைசியில் கூட்ட வேண்டும். இதில் ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் எகிறல் அப்படியே பழகிவிடும். பிறகு எடுப்பது பெரும்பாடு.

———

மறு: நடந்தபடி ஊதும்போது…

> துள்ளல், நடையதிர்வு

'துள்ளல்' கலிப்பாவின் ஓசைக்குப் பெயர். அழகுக்கு உரிய பெயரைக் குறைக்குக் கொடுப்பது சரியாகப்படவில்லை. அதோடு, சுரங்களை வெட்டி வெட்டி ஊதும் இடங்களைத் தமிழில் விவரிக்கும்போது 'துள்ளல்' என்றுதான் எழுதுவோம். ஒரே சொல் பாராட்டாகவும் கண்டிப்பாகவும் இருக்க முடியாது.

'அதிர்வு' அதைவிடச் சிக்கல். பித்தளைக் கருவியில் உதடு அதிர்ந்தால்தான் ஒலியே பிறக்கும். தனிமடலில் ஒருவர் 'கம்பிதம்' என்றார். அது வேண்டுமென்றே அசைக்கும் கமகம், இதற்கு ஆகாது.

நான் 'கால்குலுக்கம்' என்று முன்வைக்கிறேன். பழந்தமிழில் 'கால்' காற்றையும் குறிக்கும். காலின் இடி காற்றில் தெரிவதுதானே சங்கதி. புணர்த்திக் 'காற்குலுக்கம்' என்று எழுதாமல் அப்படியே விடலாம். படிப்பவருக்கு உடனே விளங்கும்.

———

மறு: நடந்தபடி ஊதும்போது…

கால் என்றால் காற்று என்ற நயம் மிக அருமை. ஆனால் களத்தில் நின்று பாருங்கள். பயிற்றுநர் ஐம்பது கெஜத்துக்கு அப்பாலிருந்து கூவ வேண்டிய சொல் இது. வினையாக வளைய வேண்டும். "உனக்குக் கால் குலுங்குது" என்றால் பிள்ளை தன் காலைத்தான் பார்க்கும், காதைத் தீட்டாது. உட்கார்ந்து தொடையை ஆட்டும் பழக்கத்தையும் அது நினைவூட்டும்.

'தளும்பல்' என்று வைத்தால் என்ன? நிறைகுடத்தோடு நடப்பவர் காலை எப்படி வைக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் நீர் தளும்பும். குடத்தின் மேல் குற்றமில்லை. இங்கேயும் ஒலி நன்றாகவே இருக்கிறது, சுமப்பவரின் நடையில்தான் கெடுகிறது. வினையாகவும் வளைகிறது: "மூன்றாம் வரிசை தளும்புது", "தளும்பாம ஊது". பட்டியலில் 'நடைத்தளும்பல்', பேச்சில் 'தளும்பல்'.

இந்தக் குறை இவ்வளவு முக்கியமானதற்கு வரலாறும் காரணம் என்பதைப் பட்டியலின் முன்னுரையில் சேர்க்க வேண்டுகிறேன். 1983 முதல் 1985 வரை தொடர்ந்து மூன்று முறை டிரம் கோர் இண்டர்நேஷனல் பட்டம் வென்ற கார்ஃபீல்ட் கேடட்ஸ் அணிக்கு ஜார்ஜ் சிங்காலி வகுத்த அணிநகர்வு, வேகமும் ஓயாத உருமாற்றமும் கொண்டது. அதன் பிறகு, ஓடிக்கொண்டே ஊதுவது எல்லோருக்கும் எதிர்பார்ப்பாகிவிட்டது. கருவிகளும் மாறின. 1990இல் மூன்று வால்வு அனுமதிக்கப்பட்டது. 2000இல், பித்தளைக் கருவிகள் ஜி சுருதியில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு போனது. 2004இல் ஒலிபெருக்கி வந்தது. மைக்குக்கு முன்னால் நாலைந்து பேர் ஊதும் இடத்தில் தளும்பலை மறைக்கக் கூட்டமும் இல்லை.

பெரிய நீள்சுரம் வரும் இடத்தில் ஆட்களை நிறுத்தி ஊதவைப்பது இன்றும் உண்டு, அது தவறும் அல்ல. ஆனால் தளும்பலுக்குப் பயந்து எல்லா இடத்திலும் நிறுத்தினால், இசையையும் அசைவையும் ஒருசேரச் செய்யும் சுமைக்குக் கிடைக்கும் மதிப்பு போய்விடும். முதலில் காலைத் திருத்தணும். அணிநகர்வு வரைபடத்தில் கை வைப்பது அதற்கப்புறம்தான்.

———

மறு: நடந்தபடி ஊதும்போது…

தளும்பல் எனக்குச் சம்மதம். ஓர் ஐயம்: இப்போதெல்லாம் நின்ற இடத்திலேயே குனிவது, ஒரு காலை நீட்டித் தாழ்வது என்று உடலசைவு நிறைய. அதில் கெடும் ஒலியும் தளும்பலா?

———

மறு: நடந்தபடி ஊதும்போது…

இரண்டாகப் பிரிக்கணும். தாழும்போது கால் தரையில் இறங்கும் இடியால் எகிறினால் தளும்பல். குனிந்ததால் விலா மடங்கிக் காற்று போதாமல் ஒலி மெலிந்தால் அது மேலே சொன்ன இரண்டாம் வகை. 'மூச்சுத்தொய்வு' என்று வைக்கலாம். பக்கத்திலிருப்பவர் மூச்சு வாங்காத இடத்தில் வாங்குமாறு முறை வைத்துப் பிரிப்பதும், குனிவதற்கு ஒரு தட்டு முன்னதாகவே மூச்சை நிரப்புவதும் அதற்கு மருந்து. கால் பயிற்சியால் அது தீராது.

மூன்றாம் வகைக்குத் 'தொலைப்பிசகு'. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகும். 30 மீட்டர் தள்ளி நிற்பவரின் ஒலி வந்துசேர 0.087 நொடி, 180 வேகத்தில் அது ஒரு தட்டின் நாலில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதல். அதனால்தான் மேளப் பிரிவு டிரம் மேஜரின் (முன்னால் நின்று தாளம் காட்டுபவர்) கையைப் பார்க்கிறது. அதற்கு முன்னால் நிற்பவர்கள் பின்னாலிருந்து வரும் மேள ஒலியைக் கேட்டு அதனோடு ஊதுகிறார்கள். பின்னாலிருந்து வரும் ஒலியும் இவர்கள் ஒலியும் அப்போதுதான் நடுவரிடம் ஒன்றாகப் போய்ச் சேரும். இதற்குப் 'பின்கேட்பு' என்ற சொல்லையும் சேர்த்துவிடுங்கள்.

———

மறு: நடந்தபடி ஊதும்போது…

அனைவருக்கும் நன்றி. பட்டியலில் இப்படிப் பதிகிறேன்:

நடைத்தளும்பல் (பேச்சில்: தளும்பல்) — நகர்ந்தபடி ஊதும்போது காலடியின் இடி, காற்றழுத்தம் வழியாகவோ ஊதுவாய் வழியாகவோ ஒலியில் தாளத்தோடு தெரிவது. வினை: தளும்பு. மூச்சுத்தொய்வு, தொலைப்பிசகு ஆகியவற்றிலிருந்து வேறானது. காண்க: பின்கேட்பு.

மாற்றுக்கருத்து இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.