கோத்தகிரி மழையிலும் மூடுபனியிலும் டேப்லெட் ஒப்பிட்டுப் பார்த்த அனுபவம்

டேப்லெட் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் எத்தனை அங்குலம், எவ்வளவு ரேம், என்ன விலை என்றுதான் விசாரிக்கிறார்கள். கோத்தகிரியில் வசிக்கும் எனக்கு வேண்டியவை வேறு. பழைய தமிழ்ப் புத்தகங்களின் ஸ்கேன் பிரதிகளை வீட்டில் உட்கார்ந்து நெடுநேரம் படிக்க வேண்டும். லாங்வுட் சோலைப் பக்கம் போகும்போது செடிகளைக் கண்ட இடத்திலேயே வரைந்து குறிப்பெழுத வேண்டும். இரண்டு வேலைக்கும் ஒரே கருவி ஒத்துவருமா என்று அறிய, அத்தை மகனின் பத்தாம் தலைமுறை ஐபேடையும் பக்கத்து வீட்டு அக்காவின் சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்9 எஃப்இயையும் இரவல் வாங்கி, ஒரே பிடிஎஃப் கோப்பை இரண்டிலும் திறந்து, மேசைமேல் அருகருகே வைத்துப் பார்த்தேன்.

இரண்டுமே 10.9 அங்குலத் திரை என்றுதான் விற்பனைக்கு வந்தவை. ஆனால் அந்த அளவு மூலைக்கு மூலை அளந்தது. திரையின் வடிவத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஐபேடின் திரை 2360-க்கு 1640 புள்ளிகள் கொண்டது. அதன் நீள அகல விகிதம் ஏ4 தாளின் விகிதத்துக்கு மிக நெருக்கமானது. சாம்சங்கின் திரை 2304-க்கு 1440. அது ஒல்லியாக நீண்டிருக்கிறது. நிமிர்த்திப் பிடித்தால் ஐபேடின் திரை அகலம் ஏறத்தாழ 158 மில்லிமீட்டர், சாம்சங்கின் திரை அகலம் 147 மில்லிமீட்டர். ஒரு சென்டிமீட்டர்தானே என்று தோன்றலாம். ஆனால் ஏ4 பக்கத்தை முழுதாகத் திரையில் காட்டும்போது எழுத்தின் அளவைத் தீர்மானிப்பது அந்த அகலம்தான். பழைய அச்சில் புள்ளி மங்கிப்போன மெய்யெழுத்துகளை ஐபேடில் பெரிதாக்காமலே படிக்க முடிந்தது. சாம்சங்கில் மேலும் கீழும் வெற்றிடம் நின்றது, அடிக்குறிப்புகளுக்கு விரலால் விரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. படிப்பதற்கு மட்டும் வாங்குவதாக இருந்தால் நான் அங்கேயே ஐபேடை முடிவு செய்திருப்பேன்.

பேனா விஷயத்தில் நிலைமை தலைகீழாக மாறியது. சாம்சங்கின் எஸ் பென் பெட்டிக்குள்ளேயே வருகிறது, அதற்கு மின்னேற்றமே தேவையில்லை; திரைக்கு அடியில் உள்ள தனி அடுக்கு மின்காந்த முறையில் அதை உணர்ந்துகொள்கிறது. ஆப்பிள் பென்சிலைத் தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டும், சார்ஜும் போட வேண்டும். இந்த ஐபேடுக்குப் பொருந்தும் பென்சில்களில், 2023-இல் வந்த யுஎஸ்பி-சி பென்சிலுக்கு அழுத்தத்தை உணரும் திறன் இல்லை. முதல் தலைமுறைப் பென்சிலுக்கு அந்தத் திறன் உண்டு, ஆனால் அதைச் சார்ஜ் போட ஓர் இடைஇணைப்பான் (அடாப்டர்) வேண்டும். காட்டுப்பூவரசின் இலை நரம்பை வரையும்போது கோடு நடுவில் தடித்து நுனியில் மெலிய வேண்டும் என்பதால், அழுத்தத்தை உணராத பேனாவை என்னால் ஏற்க முடியவில்லை.

உண்மையான சோதனை வெளியில்தான் நடந்தது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் எங்கள் பக்கம் மழை ஓய்ந்த பின்பும் மூடுபனி விலகுவதில்லை. குடை பிடித்திருந்தும் சாம்சங்கின் திரைமேல் நுண்ணிய துளிகள் படிந்துகொண்டே இருந்தன. ஈரத்தில் விரல் வைத்தால் படம் தானாகப் பெரிதானது, கேட்காத பட்டியல்கள் திறந்தன. விரல் படும்போது திரையில் ஏற்படும் சிறு மின் மாற்றத்தை (மின்தேக்க மாற்றத்தை) உணர்ந்து தொடுதிரை வேலை செய்வதால் நீர்த்துளியையும் விரலென்று எடுத்துக்கொள்கிறது. எஸ் பென்னைக் கையில் எடுத்ததும் அந்தத் தொல்லை நின்றது. துளிகளுக்கு ஊடாகவே கோடு அறுபடாமல் ஓடியது. அந்த டேப்லெட்டும் பேனாவும் தூசியையும் நீரையும் தாங்குவதற்கான ஐபி68 தரச்சான்று பெற்றவை என்பதால் எனக்குப் பதற்றமும் இல்லை. ஐபேடுக்கு அத்தகைய சான்று கிடையாது. இரவல் பொருளை அந்த ஈரத்தில் வெளியே எடுக்க எனக்கு மனம் வரவில்லை. சொந்தப் பொருளாக இருந்தாலும் தயங்கியிருப்பேன்.

செடி கண்ட இடத்தைப் பதிவு செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது, சிம் போடும் வகையில்தான் உண்டு. சாம்சங்கின் வைஃபை வகையிலேயே ஜிபிஎஸ் இருப்பதால், செல்போன் சிக்னல் எட்டாத பள்ளத்தாக்கிலும் இடம் பதிவாகிறது. ஸ்கேன் கோப்புகள் பெரியவை என்பதால் மெமரி கார்டு போடும் வசதியும் எனக்குப் பயன்படுகிறது. அதுவும் ஐபேடில் இல்லை.

நீண்டகாலப் பயன்பாட்டில் ஐபேடின் பெருமையை மறைக்கக் கூடாது. 2014-இல் வெளியான ஐபேட் ஏர் 2-க்கு 2021-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 15 இயங்குதளம் வரை மேம்பாடுகள் கிடைத்தன. எஸ்9 எஃப்இக்கு நான்கு ஆண்ட்ராய்டு மேம்பாடுகளும் ஐந்தாண்டுப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் என்பதே சாம்சங் அளித்த வாக்கு. விலை மிகவும் குறைந்த வேறு டேப்லெட்டுகளையும் யோசித்தேன். ஆனால் உறவினர் ஒருவரின் மலிவான டேப்லெட்டில் திரை உடைந்தபோது, மலையிறங்கிக் கோயம்புத்தூர் வரை போயும் மாற்றுத் திரை கிடைக்காமல் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். பழுது பார்க்கவே ஒரு நாள் செலவாகும் ஊரில் வசிப்பவர்கள், உதிரி பாகம் கிடைக்குமா என்பதை வாங்குவதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

கடைசியில் எஸ்9 எஃப்இயை வாங்கினேன். படிக்கும்போது அந்த ஒரு சென்டிமீட்டர் குறை இன்றும் தெரிகிறது. பிடிஎஃப் பக்கங்களின் வெற்று ஓரங்களை வெட்டிக் காட்டும் வசதியுள்ள செயலியைப் பயன்படுத்திப் பெருமளவு சமாளிக்கிறேன். உறை வாங்கும்போது பேனாவை மூடி வைக்கும் இடம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். எஸ் பென் டேப்லெட்டின் முதுகில் காந்தத்தால்தான் ஒட்டி நிற்கிறது. தேயிலைச் செடிகளுக்கு இடையே நுழைந்து போகும்போது ஒரு கிளை பட்டாலே கழன்று விழுந்துவிடும்.