30வது வாரம், இடுப்பெலும்பு வலி: அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

தோழிகளே, எனக்கு இது ரெண்டாவது கர்ப்பம். மூணு வாரமா அடிவயித்துக்குக் கீழே, முன்பக்கம் எலும்பு சேருற இடத்துல சுரீர்னு வலி. ராத்திரி புரண்டு படுத்தா உள்ளே 'டக்'குனு ஏதோ நகருது. மாடிப்படி ஏற முடியல. நேத்து பாவாடை மாத்த ஒரு காலைத் தூக்கினேன், அப்படியே கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

மாமியார் சூட்டு வலிங்கிறாங்க. முதல்ல பார்த்த டாக்டர் "கர்ப்பம்னா வலிக்கத்தான் செய்யும்"னு முடிச்சுட்டார். அப்படி ஒதுக்கினது தப்புன்னுதான் நினைக்கிறேன். மனசு கேக்காம வேற டாக்டர்கிட்ட போனேன். யூரின் டெஸ்ட்ல இன்ஃபெக்‌ஷன் இல்லை, ஸ்கேனும் நார்மல். இடுப்பு மூட்டைப் பிடிச்சிருக்கிற தசைநார் தளர்ந்து, ரெண்டு பக்கமும் சமமா அசையாததால வர்ற வலி, குழந்தைக்கு ஆபத்தில்லைன்னாங்க. ரத்தப்போக்கு, நீர்க்கசிவு, காய்ச்சல், விட்டு விட்டு வயிறு இறுகுறது, குழந்தை அசைவு குறையறது, எது வந்தாலும் உடனே வரச் சொன்னாங்க.

முழங்காலுக்கு நடுவுல தலையணை வச்சுப் படுக்கிறேன், உட்கார்ந்தே துணி மாத்துறேன். கொஞ்சம் தேவலை.

இடுப்பு பெல்ட் போட்டவங்களுக்குப் பலன் இருந்துச்சா? உட்கார்ந்தா மேலே ஏறுதா? பிசியோதெரபில என்ன பயிற்சி கொடுத்தாங்க? பிரசவத்தப்போ வலியில்லாம காலை எவ்வளவு விரிக்க முடியும்னு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லி வச்சீங்களா? குழந்தை பிறந்தப்புறம் எப்போ சரியாச்சு?

மூணு வயசுப் பையன் "தூக்கும்மா"ன்னு கை நீட்டிக்கிட்டே நிக்கிறான். அவனை எப்படிச் சமாளிச்சீங்கன்னும் சொல்லுங்க.