புதுப்பிப்பு: கால் வீக்கம், வகுப்பு, கட்டில்

கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் நின்றுகொண்டே பாடம் நடத்தினால் கால் வீங்குகிறதே, என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. உட்கார்ந்தே நடத்துங்கள் என்ற யோசனைதான் கைகொடுத்தது. கரும்பலகையில் எழுதுவதைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டேன். சாக்பீஸுக்கு அடிதடியே நடக்கிறது! இடைவேளையில் காலை உயர்த்தி வைத்துக்கொள்கிறேன், வீக்கம் நன்றாகவே குறைந்திருக்கிறது.

ரத்த அழுத்தம் சரியாக இருப்பதாக மருத்துவர் சொன்னார். ஆனால் முகமோ கையோ திடீரென வீங்கினால், தலைவலி விடாமல் இருந்தால், பார்வை மங்கினால் உடனே வரவேண்டுமாம். கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறி வரும் ஆபத்தான சிக்கலான முன்சூல்வலிப்பின் அறிகுறியாக இருக்கலாம் என்பதால் இதில் தாமதம் கூடாது.

நடுவில் வகுப்பில் ஒரு பையனுக்குச் சின்னம்மை. எனக்குச் சிறுவயதிலேயே வந்துவிட்டது, இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் சொல்லிவிட்டேன். ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பாற்றல் இருப்பது தெரிந்தது. ஆசிரியைகளே, இதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்.

வீட்டில் அம்மா குட்டித் துணிகளை எல்லாம் துவைத்து மடித்துவிட்டார். விடுப்புக்கு முன் மதிப்பெண் பதிவேட்டை முடித்து ஒப்படைக்க வேண்டும், அது பாதியில் நிற்கிறது. அப்புறம், கணவர் குழந்தைக் கட்டிலைப் பூட்டி முடித்தார். இரண்டு திருகாணி மிச்சம். கழற்றி மறுபடி பூட்டச் சொல்லியிருக்கிறேன்.