16,000 பேர் இருந்தும் நம்பிக்கை இடைவெளி ஏன் இவ்வளவு அகலம்?

மலர்_எம்டி:
அடுத்த வாரம் ஜர்னல் கிளப் (ஆய்வுக் கட்டுரைகளை அலசும் கூட்டம்). எனக்கு வந்திருப்பது 2009-இல் வெளியான தாய்லாந்து எச்ஐவி தடுப்பூசி ஆய்வு, ஆர்வி144. சேர்ந்தவர்கள் 16,000-க்கு மேல். செயல்திறன், அதாவது தடுப்பூசியால் தொற்று குறைந்த அளவு, 31.2%, 95% நம்பிக்கை இடைவெளி 1.1 முதல் 52.1 வரை. இத்தனை பேர் இருந்தும் ஏன் இப்படி விரிகிறது? அப்புறம், "உண்மையான செயல்திறன் இதற்குள் இருக்க 95% வாய்ப்பு" என்று ஸ்லைடில் போடலாமா? புள்ளியியல் பேராசிரியர் முன்வரிசையில்தான் உட்காருவார்!

சராசரி_சங்கரன்:
ஆள்கணக்கை விடுங்கள் டாக்டர், தொற்றுக்கணக்கைப் பாருங்கள். தடுப்பூசிப் பிரிவில் 51, மருந்துப்போலிப் (மருந்தில்லாத போலி ஊசி) பிரிவில் 74. இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய சமமான ஆட்கள் என்பதால் கால்குலேட்டரிலேயே போட்டுவிடலாம். 51/74 = 0.689, இதன் இயல் மடக்கை −0.372. திட்டப்பிழை என்பது (1/51 + 1/74)-இன் வர்க்கமூலம், அதாவது 0.182. அதை 1.96 ஆல் பெருக்கினால் 0.357. கூட்டியும் கழித்தும் மடக்கையிலிருந்து திரும்பினால் 0.482 முதல் 0.985. 1-இலிருந்து கழித்துச் செயல்திறனாகச் சொன்னால் சுமார் 1.5% முதல் 51.8%. கட்டுரையில் உள்ளதை ஒட்டியே வருகிறது. 16,000 இந்தக் கணக்கில் எங்கேயாவது தலைகாட்டியதா?

அந்த வாக்கியத்தைப் போடாதீர்கள். புள்ளியியலாளர் நேமன் 1937-இல் நம்பிக்கை இடைவெளியை வகுத்தபோதே 95% என்பது முறைக்குத்தான். இதே ஆய்வைத் திரும்பத் திரும்ப நடத்தி ஒவ்வொரு முறையும் இடைவெளி போட்டால், 100-க்குச் சுமார் 95 இடைவெளிகள் உண்மை மதிப்பைப் பிடித்திருக்கும். கையிலுள்ள இந்த ஒன்று பிடித்ததா, தவறவிட்டதா என்று அது சொல்லாது.

நள்ளிரவு_ஆர்:
ஆனால் 2020-இல் ஃபைசர் கோவிட் தடுப்பூசிக்குச் சொன்ன 90.3–97.6 பேய்சிய இடைவெளி. அங்கே "95% வாய்ப்பு" என்றே சொல்லலாம், முன்னனுமானத்தை (தரவைப் பார்க்கும் முன்பே செயல்திறன் பற்றி வைக்கும் ஊகத்தை) ஏற்றுக்கொண்டால்.

மலர்_எம்டி:
நன்றி சார். கீழ் எல்லை 1.1, பூச்சியத்தை (பலனே இல்லை என்பதை) தொடவில்லை, ஆக வேலை செய்கிறது என்று முடித்துவிடலாமா?

சராசரி_சங்கரன்:
அவசரப்படாதீர்கள். தடுப்பூசி போடும் முன்பே தொற்று இருந்த 7 பேரை நீக்கிய கணக்கு அது. நீக்கியதில் நியாயம் உண்டு. ஆனால் அவர்களையும் சேர்த்தால் 26.4%, இடைவெளி −4.0 முதல் 47.9. ஏழு பேரில் பூச்சியம் உள்ளே வந்துவிடுகிறது. நெறிமுறைப்படி எல்லா ஊசியும் போட்டவர்களை மட்டும் எடுத்தாலோ −13.3 முதல் 51.9. மூன்றையும் ஒரே ஸ்லைடில் போடுங்கள், பேராசிரியர் கேட்கப்போவது அங்கேதான்.